தையல் விட்டுப்போகிற பச்சைப் பை

மாடித் தோட்டத்துக்குப் பச்சை நிற எச்.டி.பி.இ. (கெட்டியான பாலித்தீன் வகை) பை வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவள். இப்போது வீடு மாறியிருக்கிறாள். மேல்தளம், மொட்டை மாடிச் சாவியும் அவள் கையில். "விலை வேற குறைஞ்சிருக்குடி, ஒரு இருபது பை போட்டுடவா?" என்று செய்தி. போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அதே வாரம்தான் என் கத்திரிப் பை ஒன்று அடித்தையல் விட்டு, மாடி முழுக்க மண்ணும் நாருமாகக் கிடந்தது. அந்தக் கடுப்போடுதான் இதை எழுதுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அளவு, விலை, மண் கலவை விகிதம் எல்லாம் தோட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததே, அதற்குள் போகவில்லை. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் 15-க்கு 15 அங்குலப் பைகள். மிளகாய்க்கும் வெண்டைக்கும் 12-க்கு 12, கீரைக்கு 24-க்கு 9 அகலப் பை. சென்னையில், மேற்கு வெயில் தடையே இல்லாமல் அடிக்கிற மாடி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும்.

இந்தப் பையின் உடம்பு பிரமாதம். மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைத் தறியில் துணி மாதிரியே ஊடும் பாவுமாக நெய்து, மேலே ஒரு படலம் பூசியிருக்கிறார்கள். அதனால் ஓர் இடத்தில் ஆணி குத்தினாலும் கிழிசல் ஓடாது. குறுக்கே போகும் பட்டை அதை நிறுத்திவிடும். கத்திரி வெயிலில் தரையில் கால் வைக்க முடியாத மாடியில், வருடா வருடம் அப்படியே நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய கொட்டில் எங்கள் தெருவே குளமானது. மாடியில் பைகள் ஊறிக் கிடந்தன, ஒன்றுகூட அழுகவில்லை, வெடிக்கவில்லை. பச்சை வெளுத்துச் சாம்பல் படிந்த மாதிரி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இதே காலத்தில் நான் வைத்திருந்த பெயிண்ட் வாளிகள் நொறுங்கிவிட்டன. விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் துண்டு கையோடு வருகிறது. அந்தத் துண்டுகளை மண்ணிலிருந்து பொறுக்கி எடுப்பது தனி வேலை.

எடையும் ஒரு வசதி. 15 அங்குலப் பை நிரப்ப நாற்பது லிட்டருக்குச் சற்று மேலே கலவை வேண்டும். தென்னை நார்க்கழிவு பாதிக்கு மேல் போட்டால் நனைந்த பிறகும் இருவர் சேர்ந்து நகர்த்த முடிகிறது. அதே அளவு சிமென்ட் தொட்டி என்றால் வைத்த இடம்தான் அதற்கு நிரந்தர முகவரி. நார்க்கட்டியை வாங்கியதும் அப்படியே போடாமல், ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி உப்பை எடுத்துவிட்டுத்தான் நான் சேர்ப்பேன். அப்புறம் தொழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. இந்தக் கலவைக்கு இந்தப் பை நன்றாகவே ஒத்துப்போகிறது. காய்த்து ஓய்ந்த கத்திரியைக் கவாத்து பண்ணி விட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கிறது. மணத்தக்காளி யாரும் விதைக்காமலே எந்தப் பையிலாவது முளைத்துவிடும். மாவுப்பூச்சி வரும், வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்தால் போகும், மறுபடி வரும். அது பையின் குற்றம் இல்லை.

சரி, இனி தையல்.

பையைக் கவிழ்த்துப் பாருங்கள். வட்டமாக வெட்டிய ஓர் அடித்துண்டு, அதைச் சுற்றி நிற்கும் சுவர்த்துண்டு, இரண்டையும் சேர்க்கிற ஒரே ஒரு வரித் தையல். சில பைகளில் அந்த மடிப்பு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால், முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் ஈரக் கலவை உட்கார்வதே அந்த மடிப்பின் மேல்தான். பையை ஒரு சாண் நகர்த்தினால் மாடித் தளத்தின் சொரசொரப்பில் தேய்வது துணி இல்லை, நூல். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக இன்னொரு தையல் வரி. கைப்பிடிகளும் அதே நூலில் நாலு குத்துக் குத்தி ஒட்டவைத்தவை.

அந்த நூல் வெள்ளை. பையின் துணிக்கு வெயில் தாங்கும் சேர்மானம் போட்டிருக்கிறார்கள் என்று அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கிறது. நூலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேற்கே பார்த்திருந்த பக்கத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். மேல் இழை பொடியாக உதிர்ந்தது. கிழக்குப் பக்கத்தில் அதே நூல், அதே வயசு, நகத்தால் நெம்பினாலும் அறவில்லை. வெயில் பட்ட பக்கம் செத்துப்போய், படாத பக்கம் உயிரோடு இருக்கிறது என்றால் அது என்ன மாதிரி நூல் என்று தெரிந்துகொள்ளப் பரிசோதனைக் கூடம் வேண்டாம். சாதாரண பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) நூல் திறந்த வெயிலில் இப்படித்தான் பொடிந்துபோகும். கறுப்புச் சாயத்துக்குக் கரி சேர்த்த நூலோ, வெளியிடத்துக்கென்று வரும் பாலியெஸ்டர் நூலோ போட்டிருந்தால் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். ஒரு பைக்கு எத்தனை ரூபாய் கூடியிருக்கும்? ஒரு டீ விலை கூட வராது.

நூல் மட்டும் என்றாலாவது மன்னிக்கலாம். தையலின் வகையே சரியில்லை.

அரிசி மூட்டையைப் பிரித்திருப்பீர்கள். வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் சர்ரென்று முழுவதும் பிரிந்து வந்துவிடும். தப்பான முனையை இழுத்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது, கத்தரிக்கோல்தான். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை என்றால் எல்லாமே கழன்றுவிடும். மூட்டைக்கு அது வசதி. பிரிப்பதற்கென்றே தைப்பது. வருடக்கணக்கில் மண்ணைச் சுமக்கப் போகிற பையின் அடியில் அதையே ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் போதும், அதற்கு முன் தைத்த பகுதி முழுக்கப் பின்னோக்கி அவிழ்ந்துகொண்டே போகும். என் கத்திரிப் பைக்கு நடந்தது இதேதான். முதல் நாள் பார்த்தபோது ஒரு விரல் நுழைகிற ஓட்டை. ராத்திரி மழை பெய்து கலவை கனத்தது. காலையில் அடி பாதி வட்டத்துக்குத் திறந்து கிடந்தது. செடி சாய்ந்து, பிஞ்சுகள் தரையில்.

எல்லாப் பையும் இப்படியா என்றால் இல்லை. என்னிடமே வேறு வேறு வகை இருக்கிறது. தோட்டக்கலைத் துறையின் மானிய விலைத் தளையில் (மாடித் தோட்டக் கிட்) முன்பு வந்த பைகளும் பார்த்திருக்கிறேன், தனியாகக் கடையிலும் இணையத்திலும் வாங்கியும் இருக்கிறேன். சில பைகளில் இரண்டு நூல் போட்ட சங்கிலித் தையல். அது ஒற்றை நூலைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் அவிழக்கூடியது. மிகச் சிலவற்றில்தான் வீட்டுத் தையல் மெஷின் போடுகிற, மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று கவ்வுகிற தையல். அதில் ஓர் இடம் அறுந்தால் அந்த இடம் மட்டும்தான் போகும். இந்தக் கடைசி வகைப் பை ஒன்று என் கறிவேப்பிலையைச் சுமந்துகொண்டு இன்னும் அசையாமல் நிற்கிறது.

ஒரு தையலைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறாளே என்று தோன்றலாம். அதற்குக் காரணம் அலமாரியில் இருக்கிறது.

அவிழ்ந்த பையைத் தைக்கக் கோணி ஊசி தேடியபோது, தையல் டப்பாவுக்கு அடியில் என் பழைய எம்பிராய்டரி சாம்பிள் ஃபைல் கிடைத்தது. அம்பாசமுத்திரம் பக்கம் நான் வளர்ந்த ஊரில், பள்ளி விடுமுறையில் தையல் டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டவை. அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வில் எம்பிராய்டரி லோயர் (கீழ்நிலைத் தேர்வு) எழுதுகிற அக்காமார் நாலைந்து பேர் மும்முரமாகத் தயாராவார்கள். என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து ரன்னிங் ஸ்டிட்ச் போடுவோம். ஆங்கர் நூல்தான் வேண்டும் என்று டீச்சர் ஒரே பிடிவாதம். ஆறு இழை, எட்டு மீட்டர் சிட்டம். பாபநாசம் தண்ணீரை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தொடங்கிய மில், பின்னாளில் அந்த ஆங்கர் நூல்காரர்களான மதுரா கோட்ஸ் ஆனது, விக்கிரமசிங்கபுரத்தில் கூப்பிடு தூரம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் மில்லுக்குப் போனவர். நூலைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்களிடம் அலட்சியமாகப் பேச முடியாது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். இதையும் ஒரு பொருள் மாதிரியே மதிப்பிட வேண்டுமென்றால்: பழுப்புத் தாள் காலி. துணியை ஒட்டியிருந்த மைதாப் பசையை ராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது, தாளிலும் வலைவலையாக ஓட்டை. குண்டூசி குத்திய இடமெல்லாம் துரு வட்டம். வெள்ளைக் காடாத் துணி மடிப்பில் மஞ்சளாகிவிட்டது. ஒரு சாம்பிளில் மட்டும் சிவப்பு கசிந்து ரோஜா இதழைச் சுற்றிப் பூசினாற்போல் இருக்கிறது. அது ஆங்கர் இல்லை, திருவிழாக் கடையில் வாங்கிய பெயரில்லா நூல். மற்றபடி நூல் அத்தனையும் அன்று போட்ட நிறத்திலேயே இருக்கிறது. ஒரு தையல் அவிழவில்லை.

அழகு என்று சொல்ல மாட்டேன். சாட்டின் ஸ்டிட்ச் இலை ஒன்று இருக்கிறது, அதில் நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இலை வெயிலில் வதங்கியதுபோல் சுருங்கியிருக்கிறது. லேஸி டெய்ஸிப் பூவில் ஐந்து இதழும் ஐந்து அளவு. பிரெஞ்ச் நாட் சில இடத்தில் முடிச்சு, சில இடத்தில் கொழுக்கட்டை. ஆனால் சங்கிலித் தையல் சாம்பிளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஆரஞ்சு நூல், இரண்டு இழை. கண்ணிகள் முதலில் நெருக்கமாகவும் போகப் போகக் கை தளர்ந்து நீளமாகவும் இருக்கின்றன. வரி முடிகிற இடத்தில், கடைசிக் கண்ணியின் தலைக்கு மேல், துணியோடு சேர்த்துக் குறுக்கே ஒரு சின்னக் குத்து. அரிசி அளவுகூட இருக்காது. திருப்பினால் பின்பக்கம் நூலின் வால் இரண்டு தையலுக்கு அடியில் நுழைந்து ஒளிந்திருக்கிறது.

டீச்சர் சாம்பிளை வாங்கியதும் முன்பக்கம் பார்க்க மாட்டார். திருப்பி, பின்பக்கம் பார்த்துவிட்டு, கடைசிக் கண்ணியை நகத்தால் ஒரு நெம்பு நெம்புவார். நின்றால் ஃபைலில் ஒட்டலாம். "கடைசிக் கண்ணிய கட்டாம விட்டா, நீ தச்சதெல்லாம் ஒருத்தி வந்து இழுத்துட்டுப் போயிருவா" என்பார். இன்று ஆரி ஒர்க் கற்றுத்தரும் இடங்களிலும் முதல் பாடம் இதுதான். ஆரி ஊசியில் போடுவது முழுக்கச் சங்கிலிதான். முடிக்கிற இடத்தில் முடிச்சு விழவில்லை என்றால் ஆயிரக்கணக்கில் காசு வாங்கிப் போட்ட பிளவுஸ் கையில் ஒரே இழுப்பில் ஜமிக்கி எல்லாம் உதிர்ந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குத் திண்ணையில் சொல்லிக்கொடுத்த ஒரு குத்து, தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பை தைத்துத் தள்ளுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மெஷினை நிறுத்தி நூலை வெட்டி முடிச்சுப் போட்டால் நேரம் போகும், அதுதான்.

கோயம்பேட்டில் சாக்கு தைக்கும் ஒருவரிடம் பையைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "அக்கா, ஒத்த நூலு இது. மூட்டை மெஷின்ல ஓட்டிருக்கான். நம்ம வெங்காய மூட்ட மாரி" என்றார். தைத்துத் தர முடியுமா என்றதற்கு, மண் இருந்த பையை மெஷினில் விட்டால் ஊசி போய்விடும் என்று கையை விரித்தார். நியாயம்தான்.

ஆகவே கையால் தைத்தேன். இதுவரை பழுது பார்த்த பைகள் எல்லாம் தாங்குகின்றன. எப்படி என்று எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

நூல்: பருத்தி வேண்டாம், ஈர மண்ணில் ஒரு பருவத்தில் மட்கிவிடும். எம்பிராய்டரி நூலை ஆசைக்குக்கூடத் தொடாதீர்கள். பாரிமுனையில் கயிறு விற்கும் கடைகளில் மீன் வலை பின்னும் முறுக்கு நைலான் நூல் கிடைக்கும், அது நல்லது. நைலானுக்கும் வெயில் பகைதான், ஆனால் தடிமன் இருப்பதால் மேல் தோல் போனாலும் உள் இழை நிற்கும். கறுப்பு கிடைத்தால் கறுப்பே வாங்குங்கள்.

தையல்: பேக் ஸ்டிட்ச். முன்னால் ஒரு எட்டு போய் பின்னால் ஒரு எட்டு வருகிற பழைய தையல். இதில் ஓர் இடம் அறுந்தாலும் பக்கத்துத் தையல் தன் இடத்திலேயே நிற்கும், ஓடாது. சாம்பிள் ஃபைலில் இரண்டாவது பக்கத்தில் இருப்பது இது. பூ வரைய ஆசைப்பட்ட வயசில் எனக்கு இதைப் போடவே பிடிக்காது. நேர்கோடு, பார்க்க ஒன்றுமில்லை.

இடைவெளி விஷயத்தில் மட்டும் எம்பிராய்டரிப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. துணியில் தையல் எவ்வளவு பொடியோ அவ்வளவு மெச்சுவார்கள். பிளாஸ்டிக்கில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. நெருக்கி நெருக்கிக் குத்தினால் அந்த வரியே கிழிக்கச் சொல்லிப் போட்ட குறிபோல் ஆகிவிடும். பழைய தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, தையலுக்குத் தையல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விடுவது போதும். அளவு தவறாமல் இருக்க நான் ஒன்று செய்கிறேன். பையின் நெசவுப் பட்டைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம். மூன்று பட்டைக்கு ஒரு தையல் என்று எண்ணிக்கொண்டே போவேன். நீலகிரித் தோடர் பெண்கள் இப்படித்தான், துணியில் எதுவும் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் தைப்பார்கள். அந்த எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் கத்திரிப் பைக்கு யாரும் குறியீடு தரப்போவதில்லை. ஆனாலும் அடிவட்டம் முழுவதும் சம அளவில் வந்து முடிந்தபோது ஒரு நிமிடம் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மாடிக்கு வந்து, "மண்ணுக்குள்ள போறதுக்கு இவ்ளோ நேரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாய் விளிம்பு பிரிந்து பட்டைகள் தொங்கினால் கத்தரிக்க வேண்டாம், வெட்ட வெட்ட மேலும் பிரியும். எரிகிற ஊதுபத்தியை விளிம்போடு மெதுவாக ஓட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். வடிகால் ஓட்டையும் அப்படித்தான் போட வேண்டும். சூடு காட்டிய கம்பியால் குத்தினால் ஓட்டையின் ஓரம் தானே அடைபட்டு நெசவு பிரியாமல் நிற்கிறது. கடையிலேயே ஓட்டை போட்டு உலோக வளையம் வைத்துத் தருகிறார்கள், அந்த வளையம் கழன்று விழுந்த பிறகு அங்கிருந்துதான் பட்டை பிரியத் தொடங்குகிறது. இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும், விடுங்கள்.

கைப்பிடியைப் பற்றி ஒரு வரி: அதைப் பிடித்துத் தூக்காதீர்கள். நிரம்பிய பைக்கு அது வெறும் அலங்காரம்.

பையை நேராகத் தரையில் வைக்காமல் செங்கலோ பழைய டைல்ஸ் துண்டோ போட்டு உயர்த்தி வைத்தால் அடித்தையல் தேயாது, தளத்தில் கறையும் வராது, மாடி ஒழுகுமோ என்று கீழ்வீட்டார் பயப்படுவதும் குறையும். ஆனால் பாருங்கள், பை வாங்கினவள் செங்கலும் வாங்கி, நூலும் வாங்கி, ஊசியும் எடுத்து, அடியையும் தானே தைக்க வேண்டும் என்றால், விற்றவர் எதற்குக் காசு வாங்கினார்?

மாற்று இல்லையா என்று தோழி அடுத்துக் கேட்பாள், தெரியும். நெய்யாமல் கம்பளி மாதிரி அழுத்திச் செய்த ஜியோ துணிப் பை இரண்டு வைத்திருக்கிறேன். தையல் கெட்டி, தடித்த நூல். வேர் சுவரைத் தொட்டதும் காற்றுப் பட்டு நின்றுவிடுவதால் பைக்குள் வேர் வட்டமடித்துச் சுருண்டுகொள்வதில்லை. எல்லாம் சரி. ஆனால் சென்னை வெயிலில் நாலு பக்கமும் ஈரம் ஆவியாகிப் போய், சித்திரை மாதத்தில் காலையும் மாலையும் தண்ணீர் கேட்கிறது. வெளிப்பக்கம் உப்பு வெள்ளையாகப் பூத்துப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. ஊருக்குப் போனால் யாரை ஊற்றச் சொல்வது? மண் தொட்டி எனக்குப் பிடிக்கும், மாடிப்படி ஏற்றுகிறவருக்குப் பிடிக்காது. சிமென்ட் தொட்டி பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

ஆக, பயிர் எதில் நன்றாக வருகிறது என்று மட்டும் கேட்டால் பதில் பச்சைப் பைதான். ஈரம் காக்கிறது, உடம்பு உழைக்கிறது, விலை எட்டுகிறது. மாடியில் இப்போது தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்குவதும் அதில்தான். ஐந்துக்கு நாலு மதிப்பெண் போடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது இரண்டுதான் போட மனம் வருகிறது. சாம்பிள் ஃபைலைப் பார்க்காமல் இருந்திருந்தால் மூன்றாவது போட்டிருப்பேனோ என்னவோ. செடிக்குக் குறையில்லாமல் பார்த்துக்கொண்ட பொருளுக்கு இரண்டு போடுவது அநியாயம் என்று எனக்கே தெரிகிறது. நாளைக்குக் கேட்டால் மாற்றிச் சொல்வேன். இன்றைக்கு இரண்டுதான்.

விலை குறைந்திருப்பதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. தோழி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பு 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) என்று இருந்த இடத்தில் பொடி எழுத்தில் 150 என்று இருக்கிறது. பச்சை அதே பச்சை, படத்தில் அதே தக்காளி. துணியும் மெலிந்தால் அப்புறம் இந்தப் பையைப் பாராட்ட என்ன மிச்சம்?

அவளுக்கு அனுப்பிய பதில் இது: இருபது வேண்டாம், ஆறு வாங்கு. இணையத்தில் வாங்காதே, நேரில் போ. 15-க்கு 15 நாலு, கீரைக்கு 24-க்கு 9 இரண்டு. ஜி.எஸ்.எம். 200-க்குக் குறைந்தால் வைத்துவிட்டு வா. கடையிலேயே பையை உள்வெளியாகத் திருப்பி அடித்தையலைப் பார். ஒரு பக்கம் நேர்கோடும் மறுபக்கம் கண்ணி கண்ணியாகவும் இருந்தால் சங்கிலி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் தைரியமாக எடு. சங்கிலிதான் கிடைக்கிறது என்றால் வட்டம் முடிகிற இடத்தைத் தேடி, நூல் வாலை நகத்தால் ஒரு நெம்பு நெம்பிப் பார். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், நீ அடுத்த பையை எடுத்து நெம்பு.